ஒரு மைக்குக்கு மூன்று விலைப்புள்ளிகள்

மார்ச் 4, திங்கள்

இன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் சமையலறை மேசையில், ஒரு மைக் வாங்குவதென்று முடிவெடுக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவள் என் மனைவி லோர்னா, அடுப்பைத் துடைத்தபடியே, திரும்பிப் பார்க்காமல். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. கணினியில் நேராகச் செருகும் யுஎஸ்பி வகை. விலை இருநூறு டாலருக்கு மிகாமல்.

முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு நகராட்சியின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். குப்பை லாரி முதல் கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டி வரை வாங்கியிருக்கிறேன். என் சொந்த வாய்க்கென்று எதையும் முறைப்படி வாங்கியதில்லை.

காரணம் கோப்பில் இருக்க வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் நரம்பு மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொன்னார். எனக்கு அது தொண்டையில் தொடங்கியிருக்கிறதாம். முதலில் பேச்சு போகும். பிறகு விழுங்குவது. பிறகு மற்றவை, அவரவர் வசதிப்படி. பேச்சுப் பயிற்சி தரும் நையிரி என்ற பெண் ஒரு வழி சொன்னாள். முந்நூற்றைம்பது வாக்கியங்களை இப்போதே என் குரலில் பதிந்து அனுப்பினால், அதிலிருந்து ஒரு கணினி நிரல் என் குரலைச் செய்து தரும். பின்னாளில் நான் தட்டச்சு செய்வேன், அது என் குரலில் பேசும்.

"இந்த மாசமே முடிச்சிடுங்க, டெஸ்மண்ட்," என்றாள். "மைக் ஏதோ ஒண்ணு. சுமாரா இருந்தாப் போதும்."

'சுமாராக' என்ற சொல்லை வைத்துக்கொண்டு உலகில் எந்தக் கொள்முதலும் நடந்ததில்லை.

மார்ச் 6, புதன்

தேவை விவரக் குறிப்பு எழுதி முடித்தேன். நான்கு பக்கம். மதிப்பெண் பங்கீடு: குரலின் தெளிவுக்கு நாற்பது, பின்னணி இரைச்சலை ஒதுக்குவதற்கு முப்பது, ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேசவும் அதே மைக் உதவுமா என்பதற்கு இருபது, மேசையில் நிற்கும் உறுதிக்குப் பத்து.

லோர்னா படித்தாள். "கடைக்குப் போய் காதுல மாட்டுற செட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து பேசித் தொலைக்க மாட்டியா?"

அவள் கருத்து இணைப்பு 'அ'வாகச் சேர்க்கப்பட்டது.

மார்ச் 7, வியாழன்

லோர்னாவின் தம்பி மெர்வைத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்தேன். டெவன்போர்ட்டில் இருக்கிறான். ட்ரவுட் மீன் பிடிப்பதைப் பற்றி வாரம் ஒரு மணி நேரம் பேசி இணையத்தில் போடுகிறான். பதினொரு பேர் கேட்கிறார்கள்; அதில் நாங்கள் இருவர். தன் பழைய மைக்கை என் தலையில் கட்டப் பார்த்ததால், அவனுக்குச் சொந்த நலன் உண்டு என்பதைக் குறித்துக்கொண்டேன்.

"ரெண்டு வகைதான் மச்சான்," என்றான் கணினி வழியே. "ஒண்ணு, பக்கத்து வீட்டு நாய் கொட்டாவி விட்டாலும் பிடிச்சிடும். இன்னொண்ணு, வாய்கிட்டயே வெச்சுப் பேசினாத்தான் கேக்கும். உங்க வீட்ல ஹீட்டர் ஓடுது, ஃப்ரிட்ஜ் ஓடுது, எங்க அக்கா வாயும் ஓடுது. ரெண்டாவதையே வாங்கு."

"எனக்குக் காது கேக்குதுடா," என்றாள் லோர்னா அடுத்த அறையிலிருந்து.

"பாத்தியா, உன் கம்ப்யூட்டர் மைக் முதல் வகை."

மார்ச் 11, திங்கள்

எட்டு மணி நேர வேலை நாளுக்கான விடுமுறை. பணியில்லாதவனும் விடுமுறையை மதிக்க வேண்டும். எதுவும் செய்யவில்லை.

மார்ச் 14, வியாழன்

மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டன. விதிப்படி மூன்றுக்குக் குறையக்கூடாது. மூன்றிலும் 'ஆஸ்திரேலியா முழுவதும் இலவசமாக அனுப்புவோம்' என்று இருக்கிறது. ஒரு நட்சத்திரக் குறி. கீழே போய்ப் பார்த்தால்: 'டாஸ்மேனியா நீங்கலாக.' எங்கள் தீவு மாநிலம்தான் அது. நாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை.

நூற்றுக்கு எண்பத்தொன்று பெற்றதைத் தேர்ந்தெடுத்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

வந்தது. கறுப்பு. கையெறி குண்டு அளவு. மெர்வுக்குச் சோதனைப் பதிவுகள் அனுப்பினேன், மொத்தம் பன்னிரண்டு. ஒன்று, இரண்டு, மூன்று. கேட்கிறதா? இப்போது? கொஞ்சம் தள்ளி உட்காரட்டுமா?

பின்னால் ஒரு சீற்றம் இருக்கிறது, பாம்பு தூங்குவதுபோல. மெர்வும் தனக்கு அது கேட்கிறது என்றான். திருப்பி அனுப்புகிறேன்.

நையிரி ஃபோன் செய்தாள். எத்தனை வாக்கியம் ஆயிற்று என்று கேட்டாள். அடித்தளப் பணிகள் நடந்துகொண்டிருக்கின்றன என்றேன். பள்ளிச் சாலைப் பாலம் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒன்பது ஆண்டுகள் இதையே சொன்னேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பெரிய வெள்ளி, சனி, ஈஸ்டர் ஞாயிறு, திங்கள் எல்லாம் விடுமுறை. அரசு ஊழியர்களுக்கு இன்றும். நாடு முழுக்க வேலைக்குத் திரும்பிய ஒரு செவ்வாய்க்கிழமையை எங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டாவது மைக்கின் பார்சல் மெல்பர்னிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

மகள் பிரயனியோடு ஒரு மணி நேரம் பேச்சு. மேற்கே கால்கூர்லியில், சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள். ஒரு டயர் எங்கள் வீட்டை விட உயரம் என்பாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

"அப்பா, மதியமே ஊத்திக்கிட்டியா? நாக்கு குழறுது."

"மைக் சரியில்லம்மா. நல்லது ஒண்ணு வருது."

"அட, எனக்குன்னு நீ செலவெல்லாம் பண்றியா? உலகம் அழியப் போகுது."

லோர்னா எழுந்து தோட்டத்துக்குப் போனாள். மழை பெய்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

இரண்டாவது மைக் வந்தது. தெளிவு போதாது. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. இருபது சோதனைப் பதிவுகள். முன்னதை விடப் பரவாயில்லையா? இடப்பக்கம் வரட்டுமா? இப்போது நான் எப்படிக் கேட்கிறேன்?

ஏப்ரல் 19, வெள்ளி

திருப்பி அனுப்பினேன். குறைகளை ஒன்றரைப் பக்கம் விவரித்து.

ஏப்ரல் 24, புதன்

மெர்வ் வீட்டுக்கு வந்தான். இரண்டாவது மைக்கோடு நான் எடுத்துக்கொண்ட புகைப்படத்தைப் பார்த்தான்.

"இதுக்கு நேர்லயா பேசின?"

"ஆமா. நுனியில, நேரா."

"மச்சான், இது ஐஸ்கிரீம் இல்ல. இந்த மாடலுக்கு மூஞ்சி பக்கவாட்டுல. நீ இத்தனை நாளா அதோட உச்சி மண்டையில பேசியிருக்க."

அருமையான மைக்காம். தொண்ணூற்று மூன்று மதிப்பெண் பெற்றிருக்கும். அது இப்போது கப்பலில் நீரிணையைக் கடந்துகொண்டிருக்கிறது. மறுபடி அதையே வாங்கலாமே என்றான். ஒரு முறை நிராகரித்த பொருளை அதே ஒப்பந்தத்தில் மீண்டும் ஏற்பதற்கு விதி இல்லை என்றேன். லோர்னா தேநீர்க் கோப்பையைக் கழுவாமலே அலமாரியில் வைத்தாள்.

மே 3, வெள்ளி

டோஸ்ட் தொண்டையில் நின்றது. நான்கு நிமிடம். ஒன்றுமில்லை.

மே 17, வெள்ளி

மூன்றாவது வந்தது. இதில் சீற்றம் இல்லை. முகம் எந்தப் பக்கம் என்று அட்டையிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், என்னைப் போன்றவர்களுக்காக. ஹீட்டர் கேட்கவில்லை, ஃப்ரிட்ஜ் கேட்கவில்லை. மெர்வுக்குப் பதினெட்டுப் பதிவுகள். இது சரியா? இதையே வைத்துக்கொள்ளலாமா? உறுதியாகத்தான் சொல்கிறாயா?

ஒரே ஒரு குறை. 'ஸ' ஒலி வருமிடங்களில் ஒரு குழைவு. ஈரத் துணியை உதறுவதுபோல.

மே 21, செவ்வாய்

விற்பனையாளருக்குப் புகார் எழுதினேன். ஸகர ஒலிகளை இந்தக் கருவி சிதைக்கிறது. 'ல'வும் சில வேளை நழுவுகிறது. சோதனைப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் கவனத்துக்கு இன்னொன்று: வாக்கியம் நீளமானால் இறுதியில் கருவி களைத்துவிடுகிறது.

நகலை மெர்வுக்கும் அனுப்பினேன்.

மே 22, புதன்

மெர்வ் நேரில் வந்தான். ஃபோன் செய்யாமல். வாசலில் காலணியைக் கழற்றி வைத்தான். இத்தனை ஆண்டில் அவன் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தான். 'ஸ' நிறைந்த வாக்கியம் ஒன்றைப் பேசிப் பதிந்தான். என்னிடம் போட்டுக் காட்டினான். கண்ணாடிபோல இருந்தது.

"மச்சான்," என்றான். "மைக்ல ஒண்ணுமில்ல."

லோர்னா கதவருகே நின்றிருந்தாள்.

எனக்கு முன்னமே தெரியுமா? தெரியும். தெரியாதா? — ரெண்டு மாசம், மூணு பொட்டி, அம்பது தடவை கேக்குதா கேக்குதான்னு… அந்த முந்நூத்தி அம்பதுல முதல் வரியைச் சொல்லிட்டா, நான் போகப் போறவன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அதான். வேற ஒண்ணுமில்ல. மதிப்பெண்ணாம், மண்ணாங்கட்டி.

மே 23, வியாழன்

விற்பனையாளருக்கு எழுதிய புகாரைத் திரும்பப் பெற்றேன். இரவு லோர்னா பிரயனிக்குச் சொன்னாள். நான் வேறு அறையில் இருந்தேன்.

மே 24, வெள்ளி

முதல் வாக்கியம்: 'பழைய படகுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள்.' இரண்டாவது: 'என் அத்தை வீட்டுப் பூனைக்கு அந்நியர்களைப் பிடிக்காது.' மூன்றாவது: 'அடுத்த கோடையில் நிச்சயம் சந்திப்போம்.' இவற்றை எழுதியவர் எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் நல்லது.

பதினான்கு முடித்தேன். பிறகு நாக்கு வேலைநிறுத்தம் செய்தது.

ஜூன் 5, புதன்

முந்நூற்றைம்பதும் முடிந்து அனுப்பியாயிற்று. பன்னிரண்டு நாள். லோர்னா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் ஒரு மடக்கு குளிர்ந்த நீர் கொடுத்தாள். ஹீட்டரை அணைத்துவிட்டு இருவரும் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 7, வெள்ளி

நிரலிடமிருந்து பதில். இரண்டே வரி. 'பதிவின் தரம்: மிக நன்று. பேச்சின் தரம்: குரல் உருவாக்கப் போதாது.'

முப்பத்தோரு ஆண்டில் இவ்வளவு சுருக்கமான மதிப்பீட்டு அறிக்கையை நான் எழுதியதில்லை.

ஜூன் 10, திங்கள்

மன்னர் பிறந்தநாள் விடுமுறை. இருந்தும் நையிரி அழைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அது மோசமாக இருந்தது.

"பழைய பதிவு ஏதாவது இருக்கா, டெஸ்மண்ட்? கல்யாண வீடியோ, கூட்டத்துல பேசினது?"

இல்லை. நான் கூட்டங்களில் குறிப்பெடுத்தவன். பேசியவர்கள் வேறு ஆட்கள்.

மாலையில் மெர்வ். "மச்சான், நான் எதையும் அழிக்கறதில்ல. என் பொண்டாட்டி அதுக்குத்தான் என்னை விட்டுட்டுப் போனா. நீ அனுப்பின டெஸ்ட் அம்பதும் அப்படியே இருக்கு. மார்ச்ல எடுத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. அந்தச் சீறலை நான் எடுத்துடறேன்."

மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம். நையிரி போதும் என்றாள். கொஞ்சம் குறைவுதான், ஆனால் போதும் என்றாள்.

ஜூன் 30, ஞாயிறு

குரல் வந்தது. ஒரு பலகைக் கணினிக்குள். தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தினால் பேசுகிறது.

'வணக்கம், லோர்னா' என்று எழுதி அழுத்தினேன்.

என் குரல்தான். மார்ச் மாதத்து நான். லோர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகளை எடுத்துவிட்டு, "என்ன கேக்கற?" என்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை. வணக்கம்தான் சொன்னேன். மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே ஏறி நிற்கிறது. 'தேநீர் போதும்' என்று எழுதினாலும் ஏறுகிறது. 'இன்று ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதினாலும் ஏறுகிறது. நையிரியிடம் கேட்டோம். நிரல் தனக்குக் கிடைத்ததிலிருந்துதான் கற்கும், கிடைத்ததெல்லாம் கேள்வி என்றாள். மாற்ற முடியாதாம்.

"நம்ம நாட்டு இளசுங்கள்ல பாதிப் பேர் அப்படித்தானே பேசறாங்க," என்றான் மெர்வ். "உன்னைய இப்ப இருபது வயசுப் பையன்னு நினைப்பாங்க மச்சான்."

ஜூலை 7, ஞாயிறு

பிரயனியோடு பேச்சு. குரலை வைத்துப் பேசினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். 'உன் அம்மா நலமாக இருக்கிறாள்' என்று எழுதினேன். "எனக்கெப்படிப்பா தெரியும், நீதானே பக்கத்துல இருக்க?" என்றாள். பிறகு சிரித்தாள். இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளுடைய லாரிக்குக் கீழே கல் நொறுங்குவது கேட்டது.

ஜூலை 19, வெள்ளி

எடை எட்டு கிலோ குறைந்திருக்கிறது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து அதன் வழியே உணவு கொடுக்கலாம், நெஞ்சு பலமாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள்.

என் சொந்தக் கையால் தாளில் பெரிய எழுத்தில் எழுதி லோர்னாவிடம் காட்டினேன்: வேண்டாம். விழுங்க முடிகிற வரை விழுங்குவேன். முடியாத அன்று நிறுத்திக்கொள்கிறேன்.

அவள் தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"பாலத்துக்கு ஒம்பது வருஷம் இழுத்த. மைக்குக்கு மூணு மாசம் இழுத்த. இதுல மட்டும் உனக்கு என்னடா அவசரம்?"

பிறகு: "நீ பட்டினியா கிடக்கறதைப் பாத்துக்கிட்டு நான் எதிர்ல உக்காந்து ரோஸ்ட் திங்கணுமா? சொல்லு. நான் என்ன திங்கணும்னு எழுதிக் குடு."

எழுதவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அதே விஷயம். அவள் பேசினாள், நான் தட்டினேன். என் பதில்கள் எல்லாம் சந்தேகம்போல ஒலித்தன. வாக்குவாதம் செய்ய முடியவில்லை. கத்துவதற்கு அந்தக் கருவியில் ஒலி அளவை ஏற்றலாம். ஏற்றினேன். சந்தேகம் பெரிதாக ஒலித்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

மருத்துவமனையிலிருந்து கணினி வழியே அழைப்பு. அங்கே ஏதோ கோளாறு, படம் வரவில்லை, குரல் மட்டும். இளம் டாக்டர், நல்ல பெண். லோர்னா என் பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்க எளிதாக இருக்கட்டுமென்று என் தேநீரில் கெட்டிப்படுத்தும் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"டெஸ்மண்ட், குழாய் விஷயத்துல உங்க முடிவு என்ன?"

'எனக்குக் குழாய் வேண்டாம்' என்று எழுதி அழுத்தினேன்.

என் குரல் கேட்டது.

"சந்தேகம் வர்றது சகஜம்தான்," என்றார் டாக்டர். முதலிலிருந்து விளக்கினார். அரை மணி நேர வேலை, வலி அதிகமில்லை, வாயாலும் சாப்பிடலாம். பொறுமையாகச் சொன்னார்.

'புரிந்தது. வேண்டாம்.'

"புரியலைன்னா பரவால்ல, இன்னொரு தடவை சொல்றேன்." சொன்னார். முடித்துவிட்டு, "லோர்னா, அங்க இருக்கீங்களா? அவர் முடிவா வேண்டாம்ங்கறாரா, இல்ல கேக்கறாரா? எனக்கு இங்கருந்து சரியாத் தெரியல."

லோர்னா கரண்டியை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். முப்பத்து நான்கு ஆண்டுகளாக என் முகத்தைப் படித்தவள்.

"கேக்கறார் டாக்டர்," என்றாள். "இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கார்."

"அப்ப ஒரு தேதி போட்டு வெச்சிடறேன். மனசு மாறினா, அதுக்கு முன்னாடி எப்ப வேணாலும் சொல்லலாம்."

"சரி," என்றாள் லோர்னா.

பலகைக் கணினி என் மடியில்தான் இருந்தது. விரல்களும் இன்னும் வேலை செய்கின்றன. அழைப்பு முடிய அதற்குப் பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது; டாக்டர் தேதிகளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் தேநீரைக் குடித்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடிதம் வந்தது. இருபத்தேழாம் தேதி செவ்வாய், காலை ஏழு மணி. முந்தின நாள் நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ணவோ பருகவோ கூடாது.

ஆகஸ்ட் 26, திங்கள்

லோர்னா பூசணி சூப் செய்தாள். ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவள் தன் தட்டைத் தொடவில்லை. 'நன்றாக இருக்கிறது' என்று அழுத்தினேன்.

"இருக்கு," என்றாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலை எட்டு மணி. இருநூற்றைம்பது மில்லி. லோர்னா குழாயைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம் ஆனது.